வண்டிச் சத்தம் குறைந்தால் விவசாயிக்கு லாபமா?

விளைபொருளுக்கு இரண்டு விலைகள் உண்டு. ஒன்று பட்டணத்துச் சந்தையில் ஏலம் போகும் விலை. மற்றொன்று எல்லாச் செலவும் போக விவசாயியின் கையில் நிற்கும் விலை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தில் பெரும் பங்கு, சரக்கை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டு போகும் செலவாகும். வண்டிச் சத்தம், லாரி வாடகை, ரயில் கட்டணம் என்று எந்தப் பெயரில் சொன்னாலும், இறுதியில் அதை யார் தலையில் கட்டுகிறார்கள் என்பதே கேள்வி.

சரக்குப் போக்குவரத்து மலிவானால் நாடு செழிக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கருத்து. இது எவ்வளவு தூரம் உண்மை, அந்தச் செழிப்பில் பயிரிடுகிறவனுக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பொருளாதார நிபுணர்கள் ஏறக்குறைய 200 ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அந்த ஆராய்ச்சிகளில் சிறு விவசாயிகள் தெரிந்து பயன்படுத்திக்கொள்ளக் கூடிய செய்திகள் பல உள்ளன.

வரப்பு விலை உருவாகும் விதம்

ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளலாம். சந்தையில் ஒரு மூட்டை கத்தரிக்காய் 1,000 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். லாரி வாடகையும் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலியும் சேர்ந்து மூட்டைக்கு 200 ரூபாய். கமிஷன் நூற்றுக்குப் பத்து வீதம் 100 ரூபாய். விவசாயிக்கு நிற்பது 700 ரூபாய்.

மறு வாரம் வரத்து அதிகமாகி விலை 500 ரூபாயாக இறங்கிவிடுகிறது. கமிஷன் 50 ரூபாயாகக் குறையும். ஆனால் லாரி வாடகையும் கூலியும் குறையாது. அதே 200 ரூபாய்தான். கையில் நிற்பது 250 ரூபாய். சந்தை விலை பாதியாகக் குறைந்தபோது, விவசாயியின் வருமானம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. விலை 220 ரூபாய்க்கு இறங்கினால் வாடகைக்கும் கமிஷனுக்குமே பணம் போதாது. அந்த நிலையில் காயைப் பறிக்காமல் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள். தக்காளியைச் சாலையோரத்தில் கொட்டுகிறார்கள். பட்டணத்தில் அதே நாளில் ஏதோ ஒரு விலைக்குத் தக்காளி விற்றுக்கொண்டுதான் இருக்கும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். போக்குவரத்துச் செலவு பெரும்பாலும் எடையையும் தூரத்தையும் பொறுத்தது. விலையைப் பொறுத்தது அல்ல. ஆகவே விலை குறைவான, எடை அதிகமான, சீக்கிரம் கெடும் பொருள்களுக்கே இந்தச் சுமை அதிகம். மேலே சொன்ன கணக்கில் செலவு 50 ரூபாய் குறைந்தால், நல்ல விலைக் காலத்தில் விவசாயியின் கையில் நிற்பது 700-லிருந்து 750 ஆகும். உயர்வு சுமார் 7 சதவீதம். விலை வீழ்ந்த காலத்தில் 250-லிருந்து 300 ஆகும். உயர்வு 20 சதவீதம். கஷ்ட காலத்தில்தான் வாடகைக் குறைவின் அருமை அதிகம் தெரியும்.

தூரத்துக்கு ஏற்ற பயிர்

இந்தக் கணக்கை முதலில் முறையாகப் போட்டவர் ஒரு விவசாயி. ஜெர்மனியின் மெக்லன்பர்க் பகுதியில் தெல்லோ என்ற பண்ணையை 1810-ல் வாங்கி நடத்திய வான் தூனன் என்பவர், பல ஆண்டுகள் தமது பண்ணையின் வரவு செலவுகளை நுணுக்கமாக எழுதி வைத்தார். அந்தக் கணக்குகளைக் கொண்டு 1826-ல் ஒரு நூலை வெளியிட்டார்.

சமவெளியின் நடுவே ஒரே ஒரு பட்டணம் இருப்பதாக அவர் கற்பனை செய்தார். சுற்றிலும் ஒரே தரமான மண். அப்படியிருந்தும் எல்லா இடத்திலும் ஒரே பயிர் லாபம் தராது என்று காட்டினார். பட்டணத்தை ஒட்டிய நிலத்தில் காய்கறியும் பாலும், அடுத்த வட்டத்தில் எடை மிகுந்த விறகு மரமும், அதற்கு அப்பால் தானியமும், கடைசியில் தானே நடந்து சந்தைக்கு வந்துவிடக் கூடிய கால்நடையும் அமையும் என்பது அவர் முடிவு. தானியம் ஏற்றிச் செல்லும் வண்டிக் குதிரைகள் வழியில் தின்னும் தீவனத்தையும் அவர் செலவில் சேர்த்தார். தூரம் ஒரு அளவுக்கு மேல் போனால், வண்டிச் செலவே தானியத்தின் விலையை விழுங்கிவிடும்.

அவர் காட்டிய இன்னொரு செய்தியும் கவனிக்க வேண்டியது. பட்டணத்துக்கு அருகில் உள்ள நிலத்துக்கு வாரம் அதிகம். எவ்வளவு வண்டிச் செலவு மிச்சமோ, அவ்வளவு நில மதிப்பு கூடுகிறது. ஆகவே புதிய சாலை வந்து வாடகை குறையும்போது, அந்த லாபத்தின் ஒரு பகுதி நிலத்தின் விலையில் ஏறிவிடும். சொந்த நிலம் உள்ளவருக்கு இது ஆதாயம். குத்தகைக்கு உழுபவருக்குக் குத்தகை உயரவும் கூடும்.

உப்பு விலை சொன்ன கணக்கு

ரயில் பாதை விவசாய வருமானத்தை உயர்த்தியதா என்பதை இந்தியாவை வைத்தே விரிவாக ஆராய்ந்தவர் டேவ் டொனால்ட்சன் என்ற பொருளாதார நிபுணர். அவருடைய ஆய்வு 2018-ல் அமெரிக்கப் பொருளாதார சஞ்சிகை ஒன்றில் வெளியாயிற்று.

இந்தியாவில் முதல் பயணி ரயில் 1853-ல் பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே ஓடியது. தென்னாட்டில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் பாதை திறக்கப்பட்டது. 1930-க்குள் சுமார் 67,000 கிலோ மீட்டர் பாதை போடப்பட்டுவிட்டது. அதற்கு முன்பு உள்நாட்டுச் சரக்கில் பெரும் பகுதி மாட்டின் முதுகிலும் மாட்டு வண்டியிலுமே சென்றது. மாடுகள் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிலோ மீட்டர் போகும். மழைக்காலத்தில் பல வழிகள் சேறாகி அதுவும் நின்றுவிடும். ரயில் ஒரு நாளில் 600 கிலோ மீட்டர் வரை சரக்கைக் கொண்டு சேர்த்தது.

போக்குவரத்துச் செலவு உண்மையில் எவ்வளவு குறைந்தது என்பதைக் கண்டுபிடிக்க அவர் உப்பைப் பயன்படுத்தினார். வட இந்தியாவில் எட்டு வகை உப்பு விற்பனையில் இருந்தது. ராஜஸ்தானத்துச் சாம்பார் ஏரி உப்பு என்றால் அது அந்த ஏரியில் மட்டுமே எடுக்கப்படும். வேறு எங்கும் விளையாது. ஒவ்வொரு ஜில்லாவிலும் எந்த உப்பு என்ன விலை என்பதை அரசாங்கம் குறித்து வைத்திருந்தது. ஆகவே உப்பு எடுக்கும் இடத்து விலைக்கும், தொலைவில் உள்ள ஜில்லாவின் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு, அங்கே கொண்டு வந்த செலவைக் கணக்கிட முடிந்தது. ரயில் வந்த பிறகு இந்த வித்தியாசம் சுருங்கியது.

அடுத்து விளைபொருள் கணக்கைப் பார்த்தார். ரயில் பாதை வந்து சேர்ந்த ஜில்லாவில், விலைவாசி உயர்வைக் கழித்த உண்மையான விவசாய வருமானம் சராசரியாகச் சுமார் 16 சதவீதம் உயர்ந்திருந்தது. செழிப்பான ஜில்லாவாகப் பார்த்து ரயில் போட்டிருப்பார்கள், அதனால்தான் வருமானம் உயர்ந்தது என்று யாரும் சொல்லக்கூடும். அதற்கும் அவர் சோதனை வைத்தார். திட்டம் தீட்டி, கடைசியில் போடாமல் கைவிட்ட பாதைகள் பல இருந்தன. அந்தப் பாதைகள் போக வேண்டியிருந்த ஜில்லாக்களில் இத்தகைய உயர்வு காணப்படவில்லை. ஆகவே உயர்வுக்குக் காரணம் ரயிலே என்ற முடிவுக்கு வந்தார்.

வருமானம் ஏன் உயர்ந்தது? ஒவ்வொரு ஜில்லாவும் தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் தானே விளைவிக்க வேண்டிய கட்டாயம் குறைந்தது. தன் மண்ணுக்கு எது நன்றாக வருமோ அதை அதிகம் பயிரிட்டு விற்று, மற்றதை வெளியிலிருந்து வாங்க முடிந்தது. இதுவே பெரும் பகுதி லாபத்துக்குக் காரணம் என்று அந்த ஆய்வு கூறுகிறது.

பஞ்சத்தில் ரயில்

மழை பொய்த்தால் ஒரு ஜில்லாவில் விலை தாறுமாறாக ஏறும். பக்கத்து ஜில்லாவில் தானியம் இருந்தும் வந்து சேராது. ரயில் பரவப் பரவ, உள்ளூர் மழைக்கும் பஞ்சத்துக்கும் இருந்த இறுக்கமான தொடர்பு தளர்ந்தது என்று டொனால்ட்சனும் ராபின் பர்ஜெஸ் என்பவரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது.

ஆனால் ரயில் இருந்தால் மட்டும் பசி தீர்ந்துவிடாது என்பதற்குச் சென்னை மாகாணத்தின் 1876-78 தாது வருஷப் பஞ்சம் சாட்சி. அப்போது ரயில் ஓடியது. துறைமுகங்களில் தானியமும் இறங்கியது. ஆயினும் லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். விளைச்சல் போனதால் கூலி வேலையும் போய்விட்டது; கையில் காசு இல்லாதவர்களுக்குச் சந்தையில் வந்திறங்கிய தானியம் எட்டவில்லை. இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதியும் அந்த ஆண்டுகளில் நிறுத்தப்படவில்லை. சரக்கை எந்தப் பக்கம் காசு இழுக்கிறதோ அந்தப் பக்கம்தான் ரயில் கொண்டு போகும். 1880-ல் அறிக்கை கொடுத்த பஞ்சக் கமிஷன் ரயில் பாதைகளை விரிவாக்கச் சொன்னதோடு, பஞ்ச காலத்தில் வேலை கொடுத்துக் கூலி வழங்கவும் வகை செய்யச் சொன்னது.

நிபுணர்களின் கருத்து வேற்றுமை

ரயில் இல்லாவிட்டால் நாடே முன்னேறியிராது என்ற எண்ணத்தை எதிர்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் ராபர்ட் ஃபோகல் 1964-ல் வெளியிட்ட நூலில், ரயிலே இல்லாதிருந்தாலும் கால்வாய்களும் வண்டிகளும் பெரும் பகுதிச் சரக்கைச் சுமந்திருக்கும் என்றார். 1890-ம் ஆண்டுக் கணக்கில் ரயிலால் வந்த மிச்சம் அமெரிக்க நாட்டின் மொத்த உற்பத்தியில் 5 சதவீதத்துக்கும் குறைவே என்பது அவர் வாதம். 1993-ல் டக்ளஸ் நார்த் என்பவருடன் சேர்ந்து அவர் நோபல் பரிசு பெற்றார்.

டொனால்ட்சனும் ரிச்சர்ட் ஹார்ன்பெக்கும் 2016-ல் அதே கேள்வியை வேறு விதமாக ஆராய்ந்தார்கள். ஒரு ஊரிலிருந்து எத்தனை சந்தைகளை, என்ன செலவில் எட்ட முடியும் என்று பார்த்தார்கள். 1890-ல் எல்லா ரயில் பாதைகளையும் எடுத்துவிட்டால், அமெரிக்க விவசாய நிலங்களின் மொத்த மதிப்பு சுமார் 60 சதவீதம் வீழ்ந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். நாடு முழுவதற்குமான கணக்கில் சிறியதாகத் தெரியும் லாபம், நிலத்தை நம்பி வாழ்பவருக்கு வாழ்வா சாவா என்ற அளவில் இருக்கக்கூடும் என்பதை இந்த இரண்டு கணக்குகளையும் சேர்த்துப் பார்த்தால் புரியும்.

வெளிச் சரக்கும் உள்ளே வரும்

சாலை இரு பக்கமும் போகும். உள்ளூர்ச் சரக்கு மலிவாக வெளியே போகும்போது, வெளியூர்ச் சரக்கும் மலிவாக உள்ளே வரும். ஐரோப்பிய விவசாயிகள் இதை நன்கு அனுபவித்தார்கள். 1870-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தில் கோதுமை விலை, அமெரிக்காவின் சிகாகோ விலையைவிடச் சுமார் 58 சதவீதம் அதிகம். ரயிலும் நீராவிக் கப்பலும் செலவைக் குறைத்ததால் 1895-ல் அந்த வித்தியாசம் சுமார் 18 சதவீதமாகச் சுருங்கியது. அமெரிக்கக் கோதுமை வந்து குவிந்தது. ஐரோப்பாவில் தானிய விலை வீழ்ந்தது. பட்டணத்துத் தொழிலாளிக்கு ரொட்டி மலிவாயிற்று. கோதுமை பயிரிட்ட விவசாயி நொந்து போனான்.

பிரான்சும் ஜெர்மனியும் வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்டன. டென்மார்க் வேறு வழியில் சென்றது. மலிவாக வந்த தானியத்தை மாட்டுக்கும் பன்றிக்கும் தீவனமாக்கி, வெண்ணெயும் இறைச்சியும் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பத் தொடங்கியது. சிறு விவசாயிகளுக்குத் தனித்தனியே வெண்ணெய் எந்திரம் வாங்க வசதியில்லை. 1882-ல் மேற்கு ஜட்லாந்தில் முதல் கூட்டுறவுப் பால் பண்ணை தொடங்கப்பட்டது. மாடுகள் எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு என்ற முறை பரவியது. வெண்ணெய் எடுத்த பால் திரும்ப விவசாயிக்கே வந்து பன்றிக்குத் தீவனமாயிற்று. சில ஆண்டுகளில் இத்தகைய பண்ணைகள் நாடெங்கும் ஏற்பட்டன. எடை அதிகமான, விலை குறைவான பொருளைவிட, எடை குறைவான, விலை அதிகமான பொருளை வெளியே அனுப்புவதே லாபம் என்பதை அவர்கள் செய்து காட்டினார்கள்.

சாலை மட்டும் போதுமா?

பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பரில் தொடங்கப்பட்டது. இத்திட்டத்தில் சாலை பெற்ற கிராமங்களையும் பெறாத கிராமங்களையும் ஒப்பிட்டு சாம் ஆஷர், பால் நோவோசாட் என்ற இருவர் செய்த ஆய்வு 2020-ல் வெளியாயிற்று. சாலை வந்து நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, கிராமத்திலிருந்து வெளி வேலைக்குச் செல்வோர் தொகை கூடியிருந்தது. ஆனால் பயிர் முறையிலோ, விவசாய விளைச்சலிலோ, சராசரி வருமானத்திலோ பெரிய மாறுதல் தென்படவில்லை.

ரயில் வந்தபோது உயர்ந்த வருமானம் சாலை வந்தபோது ஏன் உயரவில்லை என்ற கேள்வி எழும். ரயில் ஒரு ஜில்லா முழுவதையும் தூரத்துச் சந்தைகளோடு இணைத்தது. கிராமச் சாலையோ கடைசி சில கிலோ மீட்டர்களை மட்டும் சீராக்குகிறது. அந்தச் சாலையில் விளைபொருளை வாங்க எத்தனை வியாபாரிகள் வருகிறார்கள், அவசரத்துக்குக் கடன் கிடைக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, சரக்கை நான்கு நாள் வைத்திருக்க இடம் உண்டா என்பவையும் சேர்ந்தே வருமானத்தைத் தீர்மானிக்கின்றன.

வாடகைக் குறைவு யார் பைக்குப் போகும் என்பதும் போட்டியைப் பொறுத்தது. ஊருக்கு ஒரே வியாபாரி என்றால், மிச்சமாகும் வாடகையை அவரே வைத்துக்கொள்ள முடியும். பலர் போட்டி போட்டு வாங்கினால், ஒரு பங்கு விவசாயியின் விலையில் ஏறும். சுற்றுவட்டாரம் முழுவதற்கும் ஒரே சமயத்தில் வாடகை குறைந்தால், எல்லோருடைய சரக்கும் அதிகமாக வந்து சந்தை விலை இறங்கும். அப்போது வாங்கிச் சாப்பிடுபவருக்கே பெரும் லாபம்.

லாரிக்காரர்களிடையே போட்டி இல்லாவிட்டாலும் இதே கதைதான். மேற்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் சரக்கு வரிசை முறைப்படி பங்கிட்டுக் கொடுக்கப்பட்டதால், சாலை நன்றாக இருந்தும் சரக்குக் கட்டணம் உயர்ந்தே நின்றது என்று உலக வங்கியின் 2009-ம் ஆண்டு ஆய்வு கண்டது. கட்டுப்பாட்டை 1994-ல் நீக்கிய ருவாண்டாவில் கட்டணம் வெகுவாக இறங்கியது.

சிறு விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

இந்த ஆராய்ச்சிகளிலிருந்து, இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் எடுத்துக்கொள்ளக் கூடிய பாடங்கள் சில:

1. சந்தை விலையைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. வாடகை, கூலி, கமிஷன், வழியில் ஏற்படும் சேதம், எடைக் குறைவு ஆகிய அனைத்தையும் கழித்து மூட்டைக்கு என்ன நிற்கும் என்று பார்க்க வேண்டும். தூரத்துச் சந்தையில் மூட்டைக்கு 100 ரூபாய் கூடக் கிடைத்து, வாடகை 120 ரூபாய் கூடினால் அருகில் உள்ள சந்தையே மேல்.

2. சேர்த்து ஏற்றுவதே சிறு விவசாயிக்குக் கைகண்ட வழி. ஒரு நடைக்கு 2,000 ரூபாய் கேட்கும் சிறிய லாரியில் 8 மூட்டை மட்டும் ஏற்றினால் மூட்டைக்கு 250 ரூபாய் விழும். நான்கு பேர் சேர்ந்து 20 மூட்டை ஏற்றினால் 100 ரூபாய்தான். நடவு நாளையும் அறுவடை நாளையும் அக்கம்பக்கத்தார் கலந்து பேசி வைத்துக்கொண்டால் இது கைகூடும். உழவர் உற்பத்தியாளர் குழுக்களும் கூட்டுறவுச் சங்கங்களும் இதற்கு உதவும்.

3. திரும்பு வண்டியைப் பயன்படுத்தலாம். உரம், சிமெண்டு, மளிகைச் சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரிக்குக் கிடைக்கும் எந்த வாடகையும் லாபமே. ஆகவே குறைந்த வாடகைக்கு இசைவார்கள்.

4. எடையைக் குறைத்து அனுப்ப முடியுமா என்று பார்க்க வேண்டும். 100 கிலோ நிலக்கடலைக் காயை உடைத்தால் சுமார் 70 கிலோ பருப்பு கிடைக்கும். மீதி 30 கிலோ தோலுக்கு லாரி வாடகை கொடுப்பது வீண். 100 கிலோ கரும்பில் சுமார் 10 கிலோ சர்க்கரைதான். அதனால்தான் சர்க்கரை ஆலைகள் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவிலும், ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளி விளையும் சேலம் பகுதியிலும் அமைந்தன. சரியாக உலர்த்தாத தானியத்தையும் மிளகாயையும் அனுப்புபவர், தண்ணீருக்கு வாடகை கொடுக்கிறார்.

5. தூரத்துக்கும் சாலைக்கும் ஏற்ற பயிரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கீரை, தக்காளி, பூ போன்றவற்றுக்குச் சந்தை பக்கத்திலோ நல்ல சாலையிலோ இருக்க வேண்டும். மழையில் வழி அடைபடும் ஊர்களில் மஞ்சள், பயறு, எள் போன்று உலர்த்தி வைத்து விற்கக் கூடியவையும், கால்நடையும் பாதுகாப்பானவை.

6. வயலிலிருந்து தார்ச் சாலை வரை உள்ள வண்டிப் பாதையைக் கவனிக்க வேண்டும். தலைச்சுமையாகவோ வண்டியிலோ போகும் அந்த அரைக் கிலோ மீட்டருக்கு ஆகும் செலவு, லாரியில் போகும் பல கிலோ மீட்டருக்குச் சமம். ஆக்கிரமிப்பை அகற்றிப் பள்ளத்தில் மண் போட்டு, லாரியே களத்துமேட்டுக்கு வரும்படி செய்துகொண்டால், ஒரு ஏற்றுக்கூலியும் ஒரு இறக்குக்கூலியும் மிச்சம். கிராம சபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம்.

7. புதிய சாலையோ பாலமோ வரப் போகிறது என்றால், நிலத்தை அவசரப்பட்டு விற்கக் கூடாது. வாடகை குறைவதால் வரும் ஆதாயம் நில விலையில் ஏறும் என்பதை வாங்க வருபவர் முன்னதாகவே அறிந்திருப்பார். குத்தகைதாரர்கள் குத்தகையை எழுத்து மூலமாகவும் சில ஆண்டுகளுக்குச் சேர்த்தும் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

சாலையும் ரயிலும் அரசாங்கம் போட வேண்டியவை. அவற்றில் சரக்கு மலிவாகப் போவதற்குப் போட்டியும் நேர்மையான சந்தையும் வேண்டும். ஆனால் மிச்சமாகும் வாடகை தன் கைக்கு வந்து சேர, விவசாயி தன் சரக்கைத் தனியாகச் சந்தைக்குக் கொண்டு போவதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நாலு மூட்டைக்காரர் வாடகை பேரம் பேச முடியாது. ஐந்து பேர் சேர்ந்து இருபது மூட்டையுடன் நின்றால், லாரிக்காரரும் மண்டிக்காரரும் அவர்களைத் தேடி வருவார்கள்.